காளிராஜ் கட்டிய மலை

இராமநாதபுரம் ஜில்லாவில் மலை கிடையாது. இருக்கிற ஒரே பர்வதம் இராமேஸ்வரத்தில் இருக்கிறது, கந்தமாதன பர்வதம் என்று பெயர். இராமர் அதன் மேல் ஏறி நின்றுதான் இலங்கையை நோட்டம் பார்த்தார் என்பார்கள். ஆசையாகப் போய்ப் பார்த்தால் அது ஒரு மணல்மேடு. மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். மணல்மேட்டுக்குப் பர்வதம் என்று பெயர் வைத்த ஜில்லாவில் பிறந்தவர் காளிராஜ் மேஸ்திரி. அதனால் அவர் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று சாயல்குடிப் பக்கம் சொல்லுவார்கள். மீதிப் பாதியே நாலு ஆள் பிழைப்புக்குச் சமம் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். பொறாமை, வேறென்ன.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் மூன்று வருஷம் படித்தார். "மூணாங்கிளாஸ மூணு தடவ படிச்சவன் இந்த ஏரியாவுல நான் ஒருத்தன்தான். அஸ்திவாரம் அம்புட்டுக் கெட்டி" என்பார். பன்னிரண்டு வயதில் கருவேலங்கட்டைக்குக் கரிமூட்டம் போடப் போனார். பதினைந்தில் தலையில் கலவைச்சட்டி. இருபதில் கையில் கரண்டி. முப்பதில் மேஸ்திரி. அதற்குப் பிறகு ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்கள் தங்குகிற விடுதி, புயலுக்கு ஒதுங்குகிற கட்டடம், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் என்று கட்டித் தள்ளினார். அதே பள்ளிக்கூடம்தான், அவரை மூன்று வருஷம் உட்கார வைத்த பள்ளிக்கூடம். அதன் சுவரை ஒரு அடி கூடுதலாக உயர்த்திக் கட்டினார், இனி எவனும் குதித்து ஓடக்கூடாது என்று. இப்போது அறுபத்தைந்து வயது. இருபது ஆளை வைத்து வேலை வாங்குகிறார். இரண்டு பட்டம் வாங்கிய என்ஜினியர்கள் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இதையும் அவரே சொல்லுவார்.

அவர் சொல்லாத வார்த்தை ஒன்று உண்டு. 'தப்பு என்னுது' என்பது அது. சுவர் கோணினால் செங்கல் கோணல். கதவு மூடாவிட்டால் ஆசாரி குடிகாரன். மேல்தளம் ஒழுகினால் அந்த வருஷத்து மழைக்கே குணம் சரியில்லை. அவர் மனைவி முருகலட்சுமி இதைச் சுருக்கமாகச் சொல்லுவாள்: "எங்க வீட்டுக்காரருக்குத் தப்பே நடக்காது. நடந்தா, அது பக்கத்து வீட்டுல நடந்திருக்கும்."

இப்படிப்பட்ட மனிதரைத் தேடி ஒரு ஆனி மாதத்து வெயிலில் நாகேந்திரன் கார் வந்து நின்றது. நாகேந்திரன் இராமநாதபுரத்தில் தீயணைப்பு, மீட்புப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அங்கே ஒரு வருஷம் படித்துவிட்டு துபாய்க்கும் கத்தாருக்கும் பாதுகாப்பு வேலைக்குப் போகிற பையன்கள் நிறைய. வாடகைக் கட்டடத்தில் நடந்த பள்ளியைப் பெரிய வளாகமாக்க ஆசைப்பட்டு, எங்கோ மலைப்பக்கம் ஒரு இடம் வாங்கினார். மலைச்சரிவுக்கு ஏற்ற மாதிரி வரைபடமும் தயார் செய்தார். 'மலைப்பகுதி மீட்புப் பயிற்சியுடன்' என்று நோட்டீஸ் அடித்துப் பையன்களையும் சேர்த்துவிட்டார். அப்புறம் பார்த்தால் அந்த இடத்துக்கு இன்னும் மூன்று பேர் சொந்தக்காரர்கள். நிலம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. கையில் மிஞ்சியது சாயல்குடிப் பக்கம் பாட்டன் சொத்தான பன்னிரண்டு ஏக்கர் பொட்டல். அம்மிக்கல்லைப் போல மட்டமான பொட்டல்.

"மேஸ்திரி, எனக்கு ஒரு மலை வேணும்" என்றார் நாகேந்திரன்.

"எம்புட்டு ஒசரத்துல?"

"நாப்பதடி."

காளிராஜ் வெற்றிலையைத் துப்பினார். "கட்டிருவோம். கொரங்குக கடலுக்குள்ள பாலம் போட்ட ஜில்லா மொதலாளி இது. மனுசன் தரையில மலை போடமாட்டானா?"

முருகலட்சுமி உள்ளேயிருந்து காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "மலைய எங்கன பாத்திருக்கீக? பழனிக்குப் போனப்பகூட முட்டு வலின்னு இழுவை ரயில்ல தான ஏறுனீக" என்றாள். நாகேந்திரன் காப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வரைபடம் போட்டது தஸ்னீம். கீழக்கரைப் பெண், சென்னையில் கட்டடக்கலை படித்தவள், முப்பது வயது இருக்கும். மலைச்சரிவுக்காகத் தான் போட்ட வரைபடத்தைப் பொட்டலில் கொண்டுவந்து விரிக்க வேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்கு வருத்தம். ஆனால் வேலையில் கெட்டிக்காரி. மூன்று அடுக்காக மலை. கீழே தீயணைப்பு வண்டி நிற்கிற மைதானமும், ஐந்து மாடிப் பயிற்சிக் கோபுரமும். நடு அடுக்கில் புகை வீடு, அதாவது உள்ளே புகையை அடைத்து, கண் தெரியாமல் ஆளைத் தேடித் தூக்கிவரப் பழகுகிற இருட்டுக் கட்டடம். உச்சியில் கயிறு கட்டி இறங்குகிற செங்குத்துப் பாறைச் சுவர். வண்டி ஏறுவதற்கு இரண்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு அடுக்குக்கும் கருங்கல்லில் தாங்குசுவர்.

அந்தச் சுவரில் வந்துதான் வினை முளைத்தது.

"மேஸ்திரி, மலைக்குத் தண்ணிதான் எமன்" என்று தஸ்னீம் விளக்கினாள். "மேல விழுந்த மழை ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது. ஓரக் கால்வாய் வழியா எறங்கி வெளிய போயிரணும். மண்ணுக்குள்ள ஊறுன தண்ணியும் தங்கக்கூடாது. அதுக்குத்தான் சுவருல நாலு இஞ்சு பைப் வச்சுத் தொளை விட்டிருக்கேன். முப்பத்தாறு தொளை. ஒண்ணுகூடக் குறையக்கூடாது."

"வெளிய போயின்னா, எங்கன போகுது?"

"ஓடைக்கு."

"ஓடையிலருந்து?"

"கடலுக்கு."

"கடலுக்கா!" என்றார் காளிராஜ். கொதிக்கிற உலைப்பானையை யாரோ காலால் எட்டி உதைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

சர்க்கார் ஆட்களை 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு இதுதான். இங்கே ஒரு மழை பெய்தால் கூரைத் தண்ணீரைக் குடத்தில் பிடிப்பார்கள். தெருத் தண்ணீரை ஊருணிக்குத் திருப்புவார்கள். வரப்பை ஒரு சாண் வெட்டித் தண்ணீரைத் திருப்பினான் என்பதற்காக அண்ணன் தம்பிக்குள் ஏழு வருஷம் பேச்சு வார்த்தை நின்ற குடும்பம் அவர் தெருவிலேயே இருக்கிறது. ஓடுகிற தண்ணீரைக் கண்டால் காலாலாவது மண்ணைத் தள்ளி மறிக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில், வானத்திலிருந்து விழுகிற நல்ல தண்ணீரைத் துளை போட்டுக் கடலுக்கு அனுப்பச் சொல்கிறாள் படித்த பிள்ளை. அதுவும் தீயணைப்புப் பள்ளியில்!

போதாக்குறைக்கு முனீஸ்வரன் வேறு தூபம் போட்டார். அவர் தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளியில் தலைமைப் பயிற்சியாளர், காளிராஜோடு மூன்றாம் வகுப்பில் ஒரு வருஷம் மட்டும் கூடப் படித்தவர்.

"ஏலே காளி, போர்த்தண்ணி உப்பா வருது. இத வச்சுப் பீச்சுனா ஒரே வருசத்துல பம்ப அரிச்சுத் தின்னுரும். நல்ல தண்ணிக்கு வழி பண்ணுடா."

"மேல இருந்தே பீச்சி அடிக்கிற மாதிரி பண்ணித் தாரேன், பாருடா" என்றார் காளிராஜ். அந்த நிமிஷமே அவருக்கு மூளை சூடேறிவிட்டது.

வேலை நடந்தது. மண்ணுக்கு அலையவில்லை. தூர் வாரிய கண்மாயிலிருந்து கரம்பை மண்ணை டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து கொட்டினார். கண்மாய்க்கரை போடுவது போல ஒவ்வொரு அடி மண்ணுக்கும் தண்ணீர் தெளித்து உருளையை ஏற்றி இறுக்கினார். அதில் குறை சொல்ல எவனுக்கும் வாய் கிடையாது. புரட்டாசிக்குள் பொட்டல் நடுவே மலை நின்றது. ஏர்வாடிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆட்டுக்காரர்கள் ஆட்டை ஏற்றிப் பார்த்தார்கள். எவனோ ஒருத்தன் ஒரு அதிகாலையில் உச்சியில் சூலத்தை நட்டு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போய்விட்டான். மலை என்று இருந்தால் மேலே ஒரு சாமி இருக்க வேண்டாமா? காளிராஜ் சூலத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். "நான் கட்டுன மலையில நான் கேக்காம ஒருத்தரும் குடியேற முடியாது, சாமியா இருந்தாலும் சரி" என்றார்.

இதற்கிடையில் அவர் வரைபடத்தில் இல்லாத இரண்டு காரியங்களைச் செய்திருந்தார். ஒன்று, உச்சி அடுக்கை வெளிப்பக்கம் சாய்க்காமல் உள்பக்கம் சாய்த்து, நடுவில் ஆளுயரப் பள்ளம் ஒன்று எடுத்துவிட்டார். பார்த்தால் குட்டி ஊருணி. தஸ்னீம் வாரத்துக்கு ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போவாள். பள்ளத்தைப் பற்றிக் கேட்டபோது, "சுவர நனைக்கத் தண்ணி தேக்குறோம் தாயி, வேலை முடியவும் மூடிருவோம்" என்றார். இரண்டாவது, அந்த முப்பத்தாறு துளை. பைப்பை வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, உள்பக்கத்து வாயைச் சிமெண்டுக் கலவையால் அடைத்துவிட்டார். ஏனென்றால் அந்தப் பிள்ளை வந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்கும். எண்ணிப் பார்த்தாள். முப்பத்தாறு இருந்தது. சுவர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

ஐப்பசி பிறந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. மூன்று நாள் விடவில்லை. உச்சிப் பள்ளம் நிரம்பியதை முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்த காளிராஜ், ஏதோ தலைப்பிள்ளை பிறந்தவர் போல டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார். "மலையில ஊருணி கண்டவன் எவனும் உண்டாலே?" என்றார்.

நாலாம் நாள் விடியற்காலை முனீஸ்வரன் போன் பண்ணினார். "காளி, ஒன் மல உக்காந்துருச்சுடா."

மழைக்கோட்டைக்கூடப் போடாமல் புல்லட்டில் பறந்தார் காளிராஜ். மலையின் தென்பக்கத்தில் பாதி இல்லை. ஊறிய கரம்பை அல்வாவாகிச் சுவரைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் புகை வீட்டின் வாசலை மூடிக் கிடந்தது. ஆள் யாரும் உள்ளே இல்லை, அந்த மட்டும் தப்பித்தது. சேற்றைப் பார்த்துக்கொண்டு முனீஸ்வரன் சாவகாசமாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "முப்பது வருசச் சர்வீஸ்ல இப்பிடி அசலா ஒரு மண்சரிவ நான் பாத்ததே இல்லடா. பயலுகளுக்கு இதுலயே பாடம் நடத்தலாம்" என்றார்.

"வாயக் கழுவுடா மொதல்ல."

மழை விட்டுப் பதினோரு மணிக்கு நாகேந்திரன் வந்தார், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு. அவருக்கு முன்னாலேயே தஸ்னீம் கீழக்கரையிலிருந்து வந்து, முட்டளவு சேற்றில் நின்று சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளிராஜின் ஆட்கள் இருபது பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

நாகேந்திரன் வரைபடத்தைக் காரின் மேல் விரித்தார். நிற்கிற சுவரில் இருந்த பைப்புகளை விரலால் எண்ணினார். வரைபடத்தில் அதே பகுதியை எண்ணினார். இரண்டும் ஒத்துப்போனது.

"மேஸ்திரி கட்டுனது பிளான்படிதாம்மா இருக்கு. அப்ப பிளான்தான் தப்பு. நீங்கதான் தப்பு" என்றார் தஸ்னீமைப் பார்த்து. "நான் ஒங்க ஆர்க்கிடெக்ட் கவுன்சிலுக்கு எழுதப்போறேன். இந்த ஜில்லாவுல இனிமே ஒரு மாட்டுக் கொட்டாய்க்குக்கூட நீங்க பிளான் போட முடியாது."

தஸ்னீம் முகம் வெளுத்துப் போனது. நோட்டைத் திறந்து தன் கணக்கைத் திரும்பவும் பார்த்தாள்.

காளிராஜ் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இந்த நேரத்துக்கெல்லாம் அவர் ஒரு குற்றவாளியைப் பிடித்து வைத்திருப்பார். இன்றைக்கும் தேடித்தான் பார்த்தார். செங்கல்லைச் சொல்லலாம் என்றால் சுவர் கருங்கல். ஆசாரியைச் சொல்லலாம் என்றால் மலைக்கு ஏது ஆசாரி? மழையைச் சொல்லலாம், ஆனால் அதே மழைக்குத்தான் மூன்று நாளைக்கு முன்னால் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்திருந்தார். அப்படியே பேசாமல் இருந்துவிட்டாலும் போதும். பழி தானாகவே அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வீடு கீழக்கரையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போது தஸ்னீம் நோட்டை மூடினாள். "யா அல்லாஹ்... மண்ணோட எடைய நான்தான் கொறச்சுப் போட்டுட்டேன் போல. தப்பு என்னுதுதான் சார்" என்றாள்.

காளிராஜுக்குச் சுருக்கென்றது. அறுபத்தைந்து வருஷத்தில் தன் வாயில் வராத வார்த்தை அந்தப் பிள்ளை வாயில் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்பது ஒரு பக்கம். அதைவிட இன்னொன்று அவரை உலுக்கியது. யார் செய்த காரியத்தை யார் தன் பெயரில் எழுதிக்கொள்வது? நாற்பதடி மலையை ஒரு மழையில் உட்கார வைப்பது என்ன சாதாரண வேலையா?

"ஏலே மாரி, கடப்பாறையக் கொண்டாடா" என்று எழுந்தார்.

கீழ்வரிசைப் பைப் ஒன்றுக்கு நேரே போய் நின்றார். பைப்புக்குள் கடப்பாறையை விட்டு ஓங்கி மூன்று குத்துக் குத்தினார். உள்ளே கலவை உடைகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் தீயணைப்பு வண்டியிலிருந்து பீச்சுவது போலச் சேற்றுத் தண்ணீர் பாய்ந்து வந்தது. காளிராஜ் ஒதுங்கிக்கொண்டார். நாகேந்திரனுக்கு ஒதுங்கத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, இரண்டும் கரம்பை நிறத்துக்கு வந்தன.

"யோவ்!"

"மொதலாளி, நல்லாப் பாத்துக்கங்க. இந்த வாய அடச்சது நான். மிச்சம் முப்பத்தஞ்சையும் அடச்சது நான். உச்சியில ஊருணி வெட்டுனதும் நான். இந்தத் தாயி தண்ணிதான் எமன்னு எடுத்துச் சொல்லுச்சு, நான் கேக்கல. தண்ணிய வெளிய விட எனக்கு மனசு வரல." இங்கே அவர் குரல் பிசகியது, கடப்பாறையைச் சேற்றில் ஊன்றிக்கொண்டார். "தப்பு என்னுது. மலையச் சாச்சது காளிராஜ். இந்தப் புள்ளையால அதெல்லாம் முடியாது. அது போட்ட கணக்குக்கு ஆயிரம் வருசம் ஆனாலும் ஒரு கல்லு அசையாது."

மாரி கையிலிருந்த சட்டியைக் கீழே போட்டுவிட்டான். இருபது வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறவன், அவன் பயந்ததில் ஆச்சரியமில்லை. முனீஸ்வரன், "நெசமாவாடா?" என்று காளிராஜின் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

தஸ்னீம் நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார் காளிராஜ். அவள் சேற்றை மிதித்துக்கொண்டு நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான் எண்ணிப் பாப்பேன்னு தெரிஞ்சே பைப்ப வெளிய நீட்டி வச்சிருக்கீங்க! என் வாப்பா வயசு ஒங்களுக்கு. உள்ள பயலுக இருந்திருந்தா? புகை வீட்டுக்குள்ள பன்னெண்டு பேர் பயிற்சி எடுத்துக்கிட்டு இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? மழைக்குக் குணம் சரியில்லன்னா?"

பன்னிரண்டு பேர் என்ற எண்ணிக்கை மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தலையைக் குனிந்து நின்றார். அப்படி நிற்பது பழக்கம் இல்லாததால் கழுத்து வலித்தது.

"இந்தாளு இனிமே என் எடத்துல கால் வைக்கக்கூடாது" என்று நாகேந்திரன் சட்டையைப் பிழிந்துகொண்டே கத்தினார்.

"இல்ல சார், இவருதான் வேணும்" என்றாள் தஸ்னீம். "எங்கெங்க எப்பிடி அடச்சாருன்னு இவருக்குத்தான் தெரியும். நிக்கிற சுவருல மிச்சம் இருக்கிற அத்தனையையும் இவரே கையால தொறக்கட்டும். ஆள் வைக்கக்கூடாது. நான் நின்னு எண்ணுவேன். அப்புறம் உச்சிய வெளிப்பக்கம் சாச்சு, கால்வாய் எடுத்து, சரிஞ்சத எல்லாம் பிளான்படி கட்டித் தரட்டும். நல்ல தண்ணி வேணும்னா என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? கால்வாய் கீழ வந்து சேருற எடத்துல ஊருணி வெட்டியிருப்பேன். மேல எதுக்கு வெட்டுனீங்க?"

கீழே வெட்டியிருக்கலாம். எவ்வளவு எளிது. மூன்று வருஷம் படித்த அஸ்திவாரத்துக்கு அது தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வரை கடப்பாறையைப் பிடித்தார். மேஸ்திரி ஆன நாளிலிருந்து இவ்வளவு வேலை அவர் செய்ததில்லை. ஒவ்வொரு பைப்பும் தண்ணீரைக் கக்கும்போது தஸ்னீம் சத்தமாக எண்ணினாள். மேலே மிச்சம் நின்ற மலை அதற்கப்புறம் ஒரு சாண்கூட நகரவில்லை. அத்தனை நல்ல தண்ணீரும் ஓடைக்கு ஓடுவதைப் பார்க்கக் காளிராஜுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் காலால் மறிக்கவில்லை.

தலை முதல் கால் வரை சேறாக வீட்டுக்கு வந்தார். முருகலட்சுமி வாளியில் தண்ணீரை நீட்டினாள். முகம் கழுவிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். ஒளிக்காமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மொதலாளி முன்னாடி, இருபது ஆள் முன்னாடி தப்பு என்னுது என்று ஒத்துக்கொண்டேன் என்றார்.

முருகலட்சுமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இந்தா பாருங்க. நாப்பது வருசமா நீங்க விட்ட கதையெல்லாம் கேட்டிருக்கேன். சேதுபதி அரமனைக்கே நீங்கதான் சுண்ணாம்பு அடிச்சதாச் சொன்னீக, நம்புனேன். இத மட்டும் நம்பச் சொல்லாதீக. நீங்களாவது, தப்புன்னு ஒத்துக்கிட்டதாவது."

காளிராஜுக்கு வந்ததே கோபம். "என்னடி நம்பமாட்ட? முனீஸ்வரனக் கேளு, மாரியக் கேளு! அம்புட்டுப் பேரு பாக்க ஒத்துக்கிட்டேன்டி. குரல் ஒரு எடத்துல பிசகல. இந்தச் சாயல்குடியிலருந்து ராமேஸ்வரம் வரைக்கும் எடுத்துக்க, என்னைய மாதிரித் தப்ப ஒத்துக்கிட்டவன் ஒருத்தனக் காட்டு பாப்போம்!"

"ம், இப்ப நம்புறேன்" என்றாள் முருகலட்சுமி. தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டாள்.